04/03 என்றால் எந்த நாள்? விடுதிப் பதிவேட்டுக்கு ஒரு வழி சொல்லுங்கள்

கேள்வி: டூமா வீதிக்காரி, புதுச்சேரி

மூன்று அறைகள் கொண்ட விருந்தினர் இல்லம் நடத்துகிறேன். அமெரிக்காவிலிருந்து ஒருவர் 04/03/2026 அன்று வருவதாக எழுதியிருந்தார். மார்ச் 4 என்று எடுத்துக்கொண்டு, படுக்கை விரித்து, இரவு பதினொன்று வரை வாசல் விளக்கை அணைக்காமல் காத்திருந்தேன். ஆள் வரவில்லை. ஏப்ரல் 3 காலை பெட்டியும் கையுமாக ஆட்டோவிலிருந்து இறங்குகிறார்! அன்று புனித வெள்ளி, மூன்று அறைகளும் நிரம்பிவிட்டன. நான்கு தெரு தள்ளி வேறொரு விடுதியில் என் செலவில் தங்கவைத்தேன்.

பிரெஞ்சுக்காரர்களோடு இந்த வம்பு இல்லை. அவர்களும் நம்மைப் போல நாளை முன்னால் எழுதுகிறவர்கள். அதனால்தான் இத்தனை காலம் தப்பித்தேன் போலிருக்கிறது. இப்போது ஜப்பானியப் பெண் ஒருவர் 26/05/08 என்று எழுதியிருக்கிறார். எண்ணில் எழுதினாலும் எல்லோருக்கும் ஒரே நாளாகத் தெரிய ஏதாவது முறை உண்டா?

பதில் 1: இலாசுப்பேட்டை, கணினி வேலை

உண்டு அக்கா. ஆண்டு முதலில், நான்கு இலக்கமாக. இடையில் சிறுகோடு: 2026-04-03. ஐஎஸ்ஓ 8601 என்று 1988-இலேயே பன்னாட்டுத் தரமாக்கிவிட்டார்கள். ஆண்டை முன்னால் பார்த்துவிட்டால் அடுத்து மாதம் என்றுதான் எவரும் படிப்பார்கள். ஜப்பானில் வழக்கமே அந்த வரிசை; அவர் சொல்வது 2026 மே 8. ஆண்டை இரண்டு இலக்கமாகச் சுருக்கியதுதான் உங்களைக் குழப்பிவிட்டது.

25/03 என்றால் 25-ஆவது மாதம் கிடையாது என்பதால் தப்பு தானாகவே தெரிந்துவிடும். நாள் 12-க்குள் இருந்தால்தான் ஆபத்து. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 132 நாட்கள் இப்படி மாறிப்போகக்கூடியவை. எக்செல் இன்னும் மோசம்: அமெரிக்க அமைப்பில் இருந்தால் 04/03-ஐச் சத்தமில்லாமல் ஏப்ரல் ஆக்கிவிட்டு, 25/03-ஐ வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஒரே பட்டியலில் பாதி சரி, பாதி தப்பு.

சுழியத்தை விடாதீர்கள். 2026-4-3 என்று கோப்புக்குப் பெயர் வைத்தால், பல இடங்களில் அக்டோபர் ஏப்ரலுக்கு முன்னால் போய் நிற்கும்.

பதில் 2: மஞ்சக்குப்பம், அச்சுத்தொழில்

இது என்ன வெளிநாட்டுப் புதுமையா? என் மேசையில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகையைப் பாருங்கள்: “நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் ஆவணி மாதம் 19-ஆம் நாள் (04.09.2025) வியாழக்கிழமை”. வருடம், மாதம், நாள். அடைப்புக்குறிக்குள் போனதும்தான் தலைகீழாகிறோம்.

அந்த வியாழக்கிழமையைக் கவனியுங்கள் அம்மா. அமெரிக்கர் அதை ஏப்ரல் 9 என்று படித்தால், அது புதன்கிழமை, உடனே இடிக்கும். அச்சுக் கோக்கும்போது நாங்கள் தேதியைவிடக் கிழமையைத்தான் முதலில் சரிபார்ப்போம். உங்கள் விருந்தாளி “வெள்ளி” என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் உங்களுக்கு அந்தச் செலவு மிச்சமாகியிருக்கும்.

பதில் 3: பிரான்சிலிருந்து ஓய்வுபெற்றுத் திரும்பியவன்

கையால் எழுதினால் எந்த வரிசையும் காப்பாற்றாது. பிரெஞ்சுக்காரர் பலர் எழுதும் 1-க்கு மேல்நோக்கி நீண்ட வால் இருக்கும். நம் கண்ணுக்கு அது 7. அவர்களுடைய 7-க்கு நடுவில் ஒரு குறுக்குக்கோடு உண்டு. அங்கே பழைய பிறப்புப் பதிவேடுகளில் தேதியை முழுக்க எழுத்தால் எழுதியது சும்மா இல்லை.

கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. கடவுச்சீட்டு நகல்களை எடுத்துப் பார்த்தேன். எந்த நாட்டுடையதாக இருந்தாலும் அடியில் இருக்கும், இயந்திரம் படிக்கும் வரியில் பிறந்த தேதி ஆண்டு, மாதம், நாள் என்றே ஆறு இலக்கங்களில் இருக்கிறது. (இரண்டு இலக்க ஆண்டுதான், இலாசுப்பேட்டைத் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

பதிவேட்டிலும் கோப்பிலும் இனி 2026-04-03. வெளிநாட்டு விருந்தாளிகளைப் பற்றி அரசுக்குத் தரும் படிவம் நாளை முன்னால் கேட்கிறது, அது அதன் போக்கில் போகட்டும். விருந்தாளிக்கு எழுதும்போது கிழமையும் சேரும். ஜப்பானியப் பெண்ணுக்கு “2026-05-08, வெள்ளிக்கிழமை, சரிதானா?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ஒரே சொல்லில் பதில் வந்தது: ஆம்.