எல்லாம் தெரிந்தால்தான் ‘கடவுள் இல்லை’ என்று சொல்லலாமா?

கேள்வி: இரவுப்பணி செவிலி

வணக்கம். பதினோரு வருடமாகப் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். கடவுள் இருக்கிறார் என்று நான் நம்பவில்லை. இதை வீட்டில் யாரிடமும் வலியப் போய்ச் சொன்னதில்லை. போன மாதம் மகனுக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட நாள் குறித்தபோது, “உன் வேண்டுதல் என்னம்மா?” என்று அத்தை கேட்டார். எனக்கு எதுவும் இல்லை அத்தை, நீங்கள் செய்யுங்கள், நான் கூட வருகிறேன் என்றேன். அதிலிருந்து பேச்சு வளர்ந்துவிட்டது.

கணவரின் அண்ணன் கல்லூரியில் கணிதம் நடத்துபவர். மாமா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். கோபப்படவில்லை, நிதானமாகத்தான் கேட்டார். “இந்த அண்டத்தில் உனக்குத் தெரிந்தது எவ்வளவும்மா? எல்லா இடத்திலும் தேடிப் பார்த்துவிட்டாயா? தேடாமல் இல்லை என்பது பகுத்தறிவு இல்லை, பிடிவாதம். தெரியாது என்று சொல், ஒத்துக்கொள்கிறேன்.” எனக்கு அப்போது பதில் வரவில்லை. இரண்டு வாரமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் ஏதோ துக்கத்தில் நம்பிக்கையை விட்டவள் இல்லை. வேலை பார்க்கப் பார்க்க வந்த முடிவு இது. எங்கள் வார்டில் வார்மர்களின், அதாவது குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் படுக்கைகளின், தலைமாட்டில் வைத்தீஸ்வரன் கோயில் பிரசாதமான திருச்சாந்துருண்டை இருக்கும், வேளாங்கண்ணி எண்ணெய் இருக்கும், நாகூர் கயிறு இருக்கும். தொற்று வரக்கூடாது என்று பாலித்தீன் உறையில் போட்டு வைக்கச் சொல்வோம், எடுத்துப்போகச் சொல்ல மாட்டோம். எது இருக்கிற குழந்தை தேறுகிறது, எதுவும் இல்லாத குழந்தை எப்படி இருக்கிறது என்று நான் ஒருநாளும் வித்தியாசம் கண்டதில்லை. வித்தியாசம் தெரிவது வேறு இடத்தில். எத்தனை வாரத்தில் பிறந்தது, எடை என்ன, பிரசவத்துக்கு முன்னால், குழந்தையின் நுரையீரல் முதிர, அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போட நேரம் கிடைத்ததா, வழியில் உடம்பு குளிர்ந்துபோகாமல் கொண்டுவந்தார்களா.

ஒரு குழந்தையை அடிக்கடி நினைப்பேன். 1963 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். ஐந்தரை வாரம் முன்னதாக, சுமார் 2.1 கிலோ எடையில். 39 மணி நேரத்தில் மூச்சுத் திணறலில் இறந்துபோனான். ஜனாதிபதி வீட்டுப் பிள்ளை, எவ்வளவு பேர் ஜெபித்திருப்பார்கள்! நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கிற சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் இந்தக் குழந்தைகளுக்குப் போதவில்லை என்பதை மேரி எல்லன் ஏவரி என்ற மருத்துவர் 1959இலேயே காட்டியிருந்தார். அதை வெளியிலிருந்து கொடுக்கும் வழி கைகூட 1980 ஆனது. ஜப்பானில் ஃபுஜிவாரா என்பவர் மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்துக் கொடுத்துக் காட்டினார். இன்று அதே எடையில், அதே திணறலோடு ஒரு குழந்தை வந்தால் பெரும்பாலும் அம்மா மடியில் வீட்டுக்குப் போகும்.

1963க்கும் 1980க்கும் நடுவில் பெற்றவர்களின் வேண்டுதல் கூடிவிட்டதா? கடவுளுக்கு இரக்கம் கூடிவிட்டதா? மாறியது மருத்துவம் மட்டும்தான். இப்படி நினைப்பது நியாயமா, இல்லை மாமா சொல்வதுபோல அதிகத் துணிச்சலா? நம்புகிறவர்களும் பதில் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, நான் தேவாரம் ஓதாமல் காலையில் வாயில் ஒன்றும் வைக்காதவன். உங்கள் முடிவு தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் நியாயமற்றது என்று சொல்ல மாட்டேன். இரண்டும் வேறு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில் தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னால், பிறர் கொள்கைகளைச் சொல்லும் பரபக்கத்தை வைத்தார். அதில் முதலில் வருபவன் உலகாயதன், கண்ணால் காண்பதே உண்மை, கடவுள் இல்லை என்பவன். அவன் பேச்சை முதலில் பேசவிட்டு, அதன் பிறகுதான் மறுக்கிறார். வெறும் உளறல் என்றால் அந்த உழைப்பு எதற்கு?

உங்கள் மருந்துக்கு வருகிறேன். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பது சித்தாந்தம். நல்ல சக்கரம் வந்தபின் குடங்கள் நன்றாக வருவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். சரி. அதனால் குயவன் இல்லை என்று ஆகிவிடுமா? அந்த அறிவு ஒரு மருத்துவருக்குத் தோன்றியதே அருள் என்று நான் சொன்னால், உங்கள் வார்டில் கண்டதை வைத்து அதை எப்படி மறுப்பீர்கள்?

பதில்: தர்க்கம் படிப்பவன்

உங்கள் மாமாவின் கேள்விக்கு விடை நம் அளவை நூல்களிலேயே இருக்கிறது. அளவை என்றால் ஒன்றை அறிகிற வழி. காண்டல், கருதல், உரை என்று அளவைகளை எண்ணிக்கொண்டு போகும்போது அபாவம் என்று ஒன்று வரும். இன்மையை அறிவது. குமாரிலபட்டர் வழி வந்த மீமாம்சகர்கள், அதாவது வேத வேள்விகளை ஆராய்ந்த தத்துவவாதிகள், அதைத் தனி அளவையாகவே வைத்தார்கள். இந்த மேசைமேல் குடம் இல்லை என்று சொல்ல உலகம் முழுக்கத் தேட வேண்டாம். இருந்தால் கண்ணில் பட்டிருக்கும், படவில்லை, ஆகவே இல்லை. ஒரே நிபந்தனை, அது கண்ணில் படக்கூடிய பொருளாக இருக்க வேண்டும். அறையில் பிசாசு இல்லை என்று இந்த வழியில் நிறுவ முடியாது.

ஆகவே உங்களுக்கு எல்லாம் தெரியுமா என்பதல்ல கேள்வி. நீங்கள் மறுக்கிற கடவுள் எப்படிப்பட்டவர் என்பதுதான். கூப்பிட்டால் வந்து குழந்தையைக் காப்பவர் என்றால், அந்த வேலை உங்கள் வார்டில் எங்காவது தெரிந்தாக வேண்டும். பதினோரு வருடம் பார்த்தவர் தெரியவில்லை என்று சொன்னால் அது சாட்சியம்தான். எது நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது அவர் செயலே என்றால், அவரை இப்படி மறுக்க முடியாது.

குயவன் உவமையும் ஐயா நினைப்பதுபோல் பத்திரமானதில்லை. குமாரிலர் வேள்வியை விடாதவர், வேதத்தை உயிராக மதித்தவர். ஆனாலும் படைத்தவன் ஒருவன் உண்டு என்பதை அவர் ஏற்கவில்லை. குயவனைப்போல என்றால் அவனுக்கும் உடம்பும் அழிவும் இருக்க வேண்டுமே, துன்பம் நிறைந்த உலகை எதற்காகப் படைத்தான் என்று கேட்டார். அந்தக் காலத்து வழக்கில் நாத்திகன் என்றால் பெரும்பாலும் வேதத்தை மறுப்பவன். குமாரிலரை அப்படி யாரும் சொல்ல முடியாது.

பதில்: குறைமாதப் பிள்ளையின் அம்மா

என் மகள் 29 வாரத்தில் பிறந்தாள். 1,150 கிராம். மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன், பகலெல்லாம் கங்காரு முறையில் நெஞ்சோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் நம்புகிறவள்.

பக்கத்து வார்மர் குழந்தை ஒன்பதாம் நாள் போய்விட்டது. அதன் அம்மாவும் காசு முடிந்திருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பிளாஸ்கில் காபி குடித்தவர்கள். சொந்தக்காரர்கள் “உன் வேண்டுதல் பலித்தது” என்னும்போது எனக்கு அவள் முகம்தான் வருகிறது. அப்படியானால் அவள் வேண்டியதில் என்ன குறை? அந்தப் பேச்சை இப்போது என் முன்னால் யாரையும் பேச விடுவதில்லை.

ஒருநாள் ராத்திரி மகள் மூச்சை நிறுத்திவிட்டாள். மானிட்டர் அலறியதும் ஒரு செவிலி ஓடிவந்து உள்ளங்காலைச் சுண்டி, முதுகைத் தேய்த்து, மூச்சு வரவைத்தார். அவர் சாமி கும்பிடுகிறவரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

பதில்: இரவுப்பணி செவிலி

மூவருக்கும் நன்றி. டூட்டி முடிந்து இப்போதுதான் பொறுமையாகப் படித்தேன்.

ஆசிரியர் ஐயா, தவறு வேறு, நியாயமின்மை வேறு என்று நீங்கள் பிரித்தது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அந்த அறிவு அருள் என்றால், அது 1959 வரை ஏன் காத்திருந்தது? அதுவரை திணறிச் செத்த பிள்ளைகளை எந்தக் கணக்கில் வைப்பது? வினைப்பயன் என்பீர்கள் என்று நினைக்கிறேன். பிறந்து இரண்டு மணி நேரமான கையில் நரம்பு தேடும்போது அந்த விடையை என்னால் மனதில் நிறுத்த முடியவில்லை ஐயா.

மேசைமேல் குடத்தை மாமாவிடம் சொன்னேன். “என் கடவுள் மேசைமேல் வைக்கிற குடம் இல்லை” என்றார். அப்படியானால் உங்கள் கடவுளைப் பற்றி எனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொள்கிறேன் மாமா, அத்தை வேண்டிக்கொள்கிற, கேட்டால் கொடுக்கிற சாமியைத்தான் இல்லை என்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அம்மாவிடம் இதைச் சொல்லாதே” என்றார். சொல்ல மாட்டேன்.

மொட்டை வருகிற ஞாயிறு. என் தம்பி மடியில் வைத்துக்கொள்வான். அத்தை கும்பிடும்போது நான் கை கூப்ப மாட்டேன், பக்கத்தில் நிற்பேன்.

29 வாரம் என்று எழுதிய அம்மாவுக்கு: உங்கள் மகளுக்கு இப்போது என்ன வயது? விழித்திரைப் பரிசோதனை அப்போதே முடித்திருப்பீர்கள். ஆனாலும் பள்ளியில் சேர்க்கும் முன் இன்னொரு முறை கண்ணைக் காட்டிவிடுங்கள். குறைமாதப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வர வாய்ப்பு அதிகம்.