கெர்ரியின் பதக்கமும் கிராணியின் செக்ரோலும்

பெரட்டுமணி:
நேற்று மலேசியாவின் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் பாதியில் விட்ட பேச்சு. ஜான் கெர்ரி, 2004-இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்றவர். வியட்நாம் போரில் கடற்படையின் சிறிய ரோந்துப் படகுக்குத் தலைவர். வீரத்துக்கு ஒரு வெள்ளி நட்சத்திரம், ஒரு வெண்கல நட்சத்திரம், காயம்பட்டதற்கு மூன்று பதக்கங்கள். அதே படகுப் பிரிவில் இருந்தவர்களே விளம்பரம் போட்டு எல்லாம் புளுகு என்றார்கள். கூட வேலை செய்தவன் சொன்னால் நம்ப வேண்டாமா?

கித்தாக்காடு:
கூட என்றால் எந்த நிரையில், எந்த ரப்பர் மர வரிசையில் அண்ணே? நான் பால் எடுக்க மரத்தை ஒழுங்காக வெட்டினேனா என்று பக்கத்து நிரைக்காரனைக் கேட்கலாம், அடுத்த டிவிஷன்காரனுக்கு என்ன தெரியும்? விளம்பரக்காரர்களில் பெரும்பாலோர் கெர்ரியின் படகில் ஏறியதே இல்லை. ஏறியவர்களில் அவரை எதிர்த்தவர் ஸ்டீவ் கார்ட்னர் ஒருவர்தான்.

பெரட்டுமணி:
லாரி தர்லோ பக்கத்து நிரைதான் தம்பி. 1969 மார்ச் 13 அன்று அதே ஆற்றில் இன்னொரு படகில் இருந்தார். கண்ணிவெடி வெடித்தது உண்மை, கரையிலிருந்து யாரும் சுடவில்லை என்கிறார். தண்ணீரில் விழுந்த ஜிம் ராஸ்மனைக் குண்டு மழைக்கு நடுவே தூக்கியதற்குத்தானே அந்த வெண்கலம்?

கித்தாக்காடு:
அதே நாளுக்குத் தர்லோவும் வெண்கலம் வாங்கினாரே! அவருடைய சான்றிதழிலேயே எதிரி சுட்டதாக இருக்கிறது. ராஸ்மன் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சிக்காரர். அவரே குண்டு பறந்தது என்கிறார்.

பெரட்டுமணி:
சான்றிதழ் ஆபிசில் எழுதுவது. கெர்ரி கொடுத்த அறிக்கையைப் பார்த்து எழுதியிருப்பார்கள் என்பதுதான் தர்லோவின் பதில். தோட்டத்துக் கணக்கர் கிராணி, செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் பேர் போட்டுவிட்டால் ஆள் ரப்பர் காட்டுக்கு வேலைக்குப் போனதாக ஆகிவிடுமா? எத்தனை பொய்ப்பேர் பார்த்திருக்கிறோம்!

பால்வாளி:
என் தாத்தா நேதாஜி படையில் இருந்தவர். ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அவரோடு ஒரே கூடாரத்தில் படுத்த கிழவர் ஒருவர் சாகும்வரை தீபாவளிக்கு வீட்டுக்கு வருவார். எங்களுக்கு அதுவே போதும். நீங்கள் சண்டையைத் தொடருங்கள்.

கித்தாக்காடு:
அப்படி ஓர் ஆள் இங்கேயும் உண்டு. வெள்ளி நட்சத்திரம் 1969 பிப்ரவரி 28 சண்டைக்காக. அன்று போனவை மூன்று படகுகள். அதில் ஒன்றின் தலைவர் வில்லியம் ரூட். 35 வருடம் வாய் திறக்காதவர், 2004 ஆகஸ்டில் சிகாகோ டிரிபியூன் பத்திரிகையில் குற்றச்சாட்டை மறுத்து எழுதினார். அவர் பார்த்தது ஆபிஸ் காகிதமா அண்ணே?

பெரட்டுமணி:
சரி, ரூட்டை ஒத்துக்கொள்கிறேன். கிறிஸ்துமஸை விடமாட்டேன். 1968 கிறிஸ்துமஸ் அன்று கம்போடியாவுக்குள் இருந்தேன் என்று 1986-இல் செனட்டிலேயே பேசினார். தேர்தல் நேரத்தில் அவர் தரப்பே எல்லைக்குப் பக்கத்தில்தான் இருந்தார் என்று இறங்கி வந்தது. கடற்படைக் கோப்பு முழுவதையும் பத்திரிகைக்காரர்களிடம் கொடுக்கச் சம்மதித்தது எப்போது? 2005-இல், தோற்ற பிறகு!

கித்தாக்காடு:
கம்போடியாவுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கிறிஸ்துமஸுக்கு யாரும் அவருக்குப் பதக்கம் கொடுக்கவில்லை அண்ணே.