பின்சீற்றடியில ஃபான் இரையுது, அக்குவா பற்றரி முடிஞ்சுதோ?

ஏ35 ஓட்டி:
வணக்கம். என்னட்டை இருக்கிறது 2013 ரொயோட்டா அக்குவா, பெற்றோலிலயும் பற்றரியிலயும் ஓடுற ஹைபிரிட் கார். புதுக்குடியிருப்பிலயிருந்து கிளிநொச்சிக்கு ஒவ்வொரு நாளும் வேலைக்கு ஓடுறன். விடிய போகேக்கை ஒரு கரைச்சலும் இல்லை. பின்னேரம், பகல் முழுக்க வெயிலில நிண்ட காரை எடுத்தால், பத்து நிமிசத்தில பின்சீற்றடியில ஃபான் உறுமத் தொடங்குது. திரையில பற்றரி அளவு காட்டுற கட்டை சடக்கெண்டு ஏறி, சடக்கெண்டு இறங்குது. எஞ்சின் ஓயாமல் ஓடுது. எச்சரிக்கை விளக்கு ஒண்டும் பத்தேல்லை. ஒரு கராஜில கொம்பியூட்டர் ஸ்கான் போட்டுப் பாராமலே "பற்றரி முடிஞ்சுது, முழுசா மாத்தோணும்" எண்டிட்டினம். அவை சொன்ன காசுக்கு ஒரு போக நெல்லு விக்கோணும். வேற வழி இருக்கோ?

மாங்குளம் மெக்கானிக்:
தம்பி, பின்சீற்றில என்ன ஏத்துறனீங்கள்? ஓடேக்கை கண்ணாடி திறந்தோ, பூட்டியோ?

ஏ35 ஓட்டி:
சனி ஞாயிறு மாட்டுக்குத் தவிட்டு மூட்டை வரும் அண்ணை. கண்ணாடி திறந்துதான். ஏசி போட்டால் பெற்றோல் குடிக்குமெண்டு போடுறேல்லை.

மாங்குளம் மெக்கானிக்:
பிடிச்சிட்டன். உங்கட பற்றரிக்குத் தனி ஏசி கிடையாது. காருக்குள்ள இருக்கிற காத்தைத்தான் அந்த ஃபான் பின்சீற்றடித் துவாரத்தால இழுத்துக் குளிர வைக்குது. நீங்கள் பெற்றோல் மிச்சம் பிடிக்கிறன் எண்டு கிரவல் புழுதியையும் கச்சான் காத்தையும் அதுக்குக் குடுக்கிறீங்கள். தவிட்டு மூட்டை துவாரத்தையும் அடைக்குது.

அது நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பற்றரி. ஆறு சின்னச் செல் சேர்ந்தது ஒரு மொடியூல், 7.2 வோல்ட்; அப்பிடி 20, மொத்தம் 144 வோல்ட். 45 பாகைக்கு மேல போனால் சார்ஜ் ஒழுங்கா ஏறாது, ஏத்திறது சூடாத்தான் போகும். கொம்பியூட்டர் பற்றரியைக் காப்பாத்தப் பாவிப்பைக் குறைச்சு எஞ்சினை ஓட்டும். உங்கட கதை அதுதான். நடு மொடியூலுகளுக்குத்தான் சூடு கூட, காத்து குறைய, முதல்ல சாகிறதும் அதுகள்தான்.

முதல்ல துவாரத்து வடியையும் ஃபானையும் துப்பரவாக்குங்கோ. ஆனால் ஒண்டு: செம்மஞ்சள் வயர் எதையும் தொடாதேங்கோ. பற்றரி மூடியைத் தனிய கழட்டுறதும் வேண்டாம். பற்றரிக் கரண்டை வெட்டுற சேர்விஸ் பிளக்கைக் கழட்டி 10 நிமிசம் பொறுத்துத்தான் நாங்களே கை வைக்கிறது. பிறகு பற்றரி வெப்பத்தையும் பிளொக் (சேர்த்து அளக்கிற மொடியூல் கூட்டம்) வோல்ட்டையும் ஓட்டத்தில ஸ்கானில பாருங்கோ. ஒரு செல் செத்தால் அந்த மொடியூல் ஏறக்குறைய 1.2 வோல்ட் பதிஞ்சு நிக்கும், ஒளிக்கேலாது.

வவுனியா லீஃப்:
நான் நிசான் லீஃப் வைச்சிருக்கிறன், எஞ்சின் இல்லாத முழு மின்கார், பற்றரி 24 கிலோவாட் மணி. உங்களுக்கு ஃபானாவது இருக்கு அண்ணை, இதுக்கு அதுவும் இல்லை. லித்தியம் பெட்டி சும்மா கீழ கிடந்து ஆறுறதுதான். வீட்டுக்கு வந்தோடன சார்ஜ் போடுறதை விட்டிட்டன். இராச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பிளக். 100 வீதம் ஏத்தி வெயிலில விடுறதும் இல்லை, அதுதான் லித்தியத்துக்குப் பெரிய சாபம். பற்றரி ஆரோக்கியம் காட்டுற 12 கட்டையில ஒண்டு விழுந்தால் ஏறக்குறைய 15 வீதம் போட்டுது எண்டு கணக்கு. எனக்கு விழுந்திட்டுது, வேம்படி நிழல் தேடத் தொடங்கினது அதுக்குப் பிறகுதான்.

ஏ35 ஓட்டி:
ஃபானைக் கழட்டினோம். செம்மண்ணும் தவிட்டுத் தூசும் சேர்ந்து தும்புக் கம்பளம் மாதிரி! பின்னேரம் 52 பாகை காட்டினது இப்ப ஏசி போட்டு ஓடேக்கை 41. இரைச்சலும் இல்லை. ஆனால் நடுவில ஒரு பிளொக் மேட்டில ஏறேக்கை ஒரு வோல்ட் குறையுது.

மாங்குளம் மெக்கானிக்:
அந்த ஒண்டை மட்டும் புதுசாப் போட அவசரப்படாதேங்கோ. பழசுகளோட புதுசு பொருந்தாது, பிறகு பக்கத்தது விழும். ரெண்டு மாசம் பார்ப்பம். சனிக்கிழமை கொண்டு வாங்கோ, லோட் போட்டுப் பார்க்கிறன்.

ஏ35 ஓட்டி:
வாறன் அண்ணை. தவிடு இனி மச்சானின்ரை ட்ரக்டரில.