ஆச்சி வீடு குழு: மறதிக்குச் சுகர் மாத்திரையா?

காலை 6:48
ராமையா பெரியப்பா: (பல முறை பகிரப்பட்டது) சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் மூளையைக் காக்கும்! மறதி நோய் அண்டாது! பத்துப் பேருக்கு அனுப்புங்கள்!

6:50
ராமையா பெரியப்பா: செல்வி, என் மாத்திரையில் ஒரு அட்டை கொடுத்துவிடுகிறேன். அம்மாவுக்கு ராத்திரி ஒன்று கொடு.

7:05
செல்வி அத்தை: அண்ணே, அம்மாவுக்குச் சுகரே கிடையாதே. ஆனால் மறதி கூடித்தான் போச்சு. காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே "காபி போட்டியா?" என்று கேட்கிறாள்.

7:21
மீனா: அத்தை, கொடுத்துடாதீங்க. பெரியப்பா, கோபப்படாதீங்க. மெட்ஃபார்மின் நாள்பட எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம். பி12 குறைந்தாலே மறதி வரும். நீங்க கடைசியாக எப்போ பி12 பார்த்தீங்க?

7:23
ராமையா பெரியப்பா: ஆராய்ச்சி பண்ணாமலா எழுதுவான்?

7:30
மீனா: ஆராய்ச்சி நடக்கிறது, பொய் இல்லை. மறதி நோய்க்கு இப்போ கொடுக்கும் மெமான்டின்கூட முதலில் சர்க்கரைக்காகச் செய்து பார்த்த மருந்துதான். சர்க்கரைக்கு வேலை செய்யவில்லை, இதற்கு வந்தது. ஆனால் எல்லாமே அப்படி அமையாது. எடை குறைக்கிற செமாகுளுடைடு இருக்கே, அதை மாத்திரையாகக் கொடுத்து, ஆரம்பக்கட்ட அல்சைமர் உள்ள 3,808 பேரிடம் இரண்டு வருஷம் சோதித்தார்கள். 2025 நவம்பரில் முடிவு வந்தது. மறதி முற்றுவது குறையவில்லை.

7:34
கார்த்திக்: அக்கி ஊசி போட்டால் மறதி வராதுன்னு படித்தேனே?

7:36
செல்வி அத்தை: அக்கியா? போன ஆடியில் அம்மாவுக்கு இடுப்பைச் சுற்றி வந்ததே! வேளார் வீட்டில் காவி குழைத்துச் சிங்கம் எழுதிவிட்டார்கள்.

7:44
மீனா: அதே அக்கிதான் அத்தை. வேல்ஸ் நாட்டில் 2013இல் அந்த ஊசி போட ஆரம்பித்தார்கள். 1933 செப்டம்பர் 2க்கு முன்னால் பிறந்தவர்களுக்குக் கிடையாது, அன்றைக்கும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு உண்டு. ஒரு வாரம் முன்னே பின்னே பிறந்தவர்களுக்குள் வேறென்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடும்? ஏழு வருஷம் கழித்துப் பார்த்தால், ஊசி போட்டவர்களிடம் மறதி நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எனக்கு நம்பிக்கை தந்தது இது ஒன்றுதான்.

7:45
கார்த்திக்: அப்போ ஆச்சிக்குப் போட்டுடலாமா மதினி?

7:47
மீனா: அங்கே போட்டது பழைய ஊசி. இங்கே கிடைப்பது வேறு வகை, இரண்டு தவணை, விலையும் கூட. அக்கி வந்து ஆறினவர்களுக்கும் போடலாம். ஆனால் அதை அக்கிக்காகப் போடுங்க, மறதிக்கென்று இல்லை. டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். அத்தை, ஆச்சி மாத்திரை டப்பாவைக் கொஞ்சம் போட்டோ எடுத்து அனுப்புங்க.

7:58
செல்வி அத்தை: (படம்)

8:01
மீனா: ஓரத்தில் பாதி காலியான அட்டை எதற்கு?

8:03
செல்வி அத்தை: அக்கி வந்தப்போ அரிப்புக்கு மெடிக்கலில் கொடுத்தது. நல்லா தூக்கம் வருதுன்னு இன்னும் தினமும் ராத்திரி போடுகிறாள்.

8:04
மீனா: எட்டு மாசமாகவா?

8:04
செல்வி அத்தை: ஆமாம்.

8:09
மீனா: அத்தை, அது பழைய வகை அரிப்பு மாத்திரை. வயசானவர்களுக்கு அது மூளையை மந்தமாக்கும், மறதியும் குழப்பமும் கொண்டுவரும். இதனால்தான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் புதுசாக ஒன்று சேர்ப்பதற்கு முன்னால் இதை டாக்டரிடம் காட்டணும். டப்பாவை அப்படியே எடுத்துக்கொண்டு இன்றைக்கே போங்க. காது கேட்கிற அளவையும் பார்க்கச் சொல்லுங்க, டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறாள் இல்லையா?

8:10
செல்வி அத்தை: சாயங்காலம் கூட்டிப்போகிறேன். கார்த்திக், வண்டி எடு.

8:26
ராமையா பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

8:31
ராமையா பெரியப்பா: மீனா, அந்த பி12 டெஸ்டுக்கு வெறும் வயிற்றில் போகணுமா?