சட்டக விகிதமா, அகல உயர விகிதமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தை ஆங்கிலத்தில் 'ஆஸ்பெக்ட் ரேஷியோ' (aspect ratio) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த சொற்களை எங்கள் ஸ்டூடியோவில் வேலைக்கு நடுவே சொல்லிப் பார்த்தோம். கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறோம். பாதி வேலை பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் மீதி சித்தூர், பாலக்காடு பக்கத்திலிருந்தும் வருகிறது. இங்கே எல்லார் வாயிலும் 'ரேஷியோ'தான். "ரேஷியோ என்ன?" என்று கேட்டால் "சிக்ஸ்டீன் நைன்" என்று பதில் வரும். நாம் தருகிற சொல் அந்தக் கேள்விக்குள் போய் உட்கார வேண்டும்.

> 'சட்டக விகிதம்' சுருக்கமாக இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

சுருக்கம்தான், ஐயா. ஆனால் எடிட்டிங் மென்பொருளில் புது வேலை தொடங்கும்போது வருகிற அமைப்புப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். நொடிக்கு எத்தனை சட்டகம் (ஃபிரேம்), 25ஆ, 30ஆ, 50ஆ என்ற கேள்வியும் அதே பெட்டியில்தான் வரும். அதைச் 'சட்டக வீதம்' என்று பலரும் எழுதுகிறோம். சட்டக வீதம், சட்டக விகிதம் இரண்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றால், நடுராத்திரி வேலை செய்கிறவர் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

அதைவிடப் பெரிய சிக்கல், இந்த விகிதம் சட்டகத்துக்கு மட்டும் உரியதில்லை. படப்புள்ளிக்கும் (பிக்சல்) உண்டு. 1990களில் எடுத்த கல்யாணக் கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றித் தரச் சொல்லி இப்போதும் வருகிறார்கள். நம் நாட்டில் அப்போது இருந்தது 'பால்' (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறை. கணினிக்குள் அது 720 × 576 படப்புள்ளிகளாக வரும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் 5:4. ஆனால் திரையில் தெரிய வேண்டியது 4:3. காரணம், அங்கே படப்புள்ளி சதுரமில்லை. முழு 720-ஐயும் படமாக எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு புள்ளியும் 16:15 என்ற கணக்கில் சற்று அகலமானது. 720-ஐ அதனால் பெருக்கினால் 768; 768 × 576 சரியாக 4:3.

இதே கேசட்டை இன்றைய 16:9 டிவி நிறைகிற மாதிரி இழுத்துவிட்டால் படம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரிந்துவிடும். முகத்தை வைத்து அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கல்யாணப் பெண் அந்தக் காலத்தில் கொஞ்சம் பூசினாற்போல் இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வோம். மண்டபத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். நேராக எடுத்த கடிகாரம் முட்டை வடிவத்தில் இருந்தால் எங்கோ விகிதம் தப்பியிருக்கிறது. சட்டகத்திலா, புள்ளியிலா என்று பிரித்துச் சொல்ல இரண்டுக்கும் பொதுவான ஒரு சொல் இருந்தால்தான் முடியும்.

> 'நீள அகல விகிதம்' பழகிய தமிழ். துணிக்கும் நிலத்துக்கும் அப்படித்தானே சொல்கிறோம்?

துணிக்கும் நிலத்துக்கும் பொருந்தும், அக்கா. ஆனால் நீளம் என்றாலே நமக்குப் பெரிய பக்கம். டிவிக்கு 16:9, ஃபோன் ஸ்டேட்டஸுக்கு 9:16. நீள அகலக் கணக்கில் இரண்டும் ஒன்றாகிவிடும். எங்கள் தொழிலில் பாதித் தலைவலியே அந்த இரண்டுக்கும் நடுவில்தான். 1920 × 1080 படத்தை உயரம் குறையாமல் 9:16 ஆக்கினால் அகலத்தில் 607 புள்ளிதான் மிஞ்சும், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மாலை மாற்றும்போது மாப்பிள்ளை ஒரு ஓரத்திலும் பெண் மறு ஓரத்திலும் நின்றால் ஒருவர்தான் உள்ளே இருப்பார். 'பக்க விகித'த்திலும் எது முதலில் என்பது தெரியாது. ஆல்பம் வடிவமைப்பவருக்குப் பக்கம் என்றால் வேறு பொருள். 'தோற்ற விகிதம்' ஆங்கிலச் சொல்லின் நிழல், அளப்பது எதை என்றே சொல்லவில்லை.

ஆகவே என் முன்மொழிவு 'அகல உயர விகிதம்'. அகலம் முதலில், உயரம் பிறகு. 16:9-ஐ எழுதுகிற வரிசை சொல்லிலேயே வந்துவிடுகிறது. படத்துக்கும் திரைக்கும் படப்புள்ளிக்கும் ஒரே சொல் போதும். நீளமாக இருக்கிறது என்பீர்கள். விளக்க நூலிலும் உதவிப் பக்கத்திலும் முழுதாக எழுதலாம், பொத்தானில் வெறும் 'விகிதம்' போதும். ஸ்டூடியோவில் யாரும் 'ரேஷியோ'வுக்கு முன்னால் எதையும் சேர்த்துச் சொல்வதில்லை.

எங்கள் ஊரில் மட்டும் ஒரு இடறல் உண்டு. தமிழ் வீட்டுப் பிள்ளைகள் பலர் இங்கே மலையாள வழியில் படித்தவர்கள். அவர்கள் பள்ளியில் கற்றது விகிதமில்லை, அம்சபந்தம். மலையாளத்தில் அகலம் என்றால் தொலைவு. நம் அகலம் அங்கே வீதி. ஆனாலும் வீட்டில் கதவுக்கும் கட்டிலுக்கும் அகலம் என்றே பேசி வளர்ந்தவர்கள். உயரம் பக்கத்தில் வந்து நின்றதும் அகலம் தானாகப் புரிந்துவிடும்.

கூடவே வரும் சொற்களையும் இப்போதே பேசிவிடலாம். படம் முழுதும் தெரியும்படி வைப்பது 'அடக்கு'. திரை நிறைய வைத்து மிச்சத்தை விடுவது 'நிரப்பு'. வடிவம் கெட இழுப்பது 'நீட்டு'. அடக்கினால் வரும் கறுப்புப் பட்டைகளுக்கு 'மேல்கீழ்ப் பட்டை', 'இடவலப் பட்டை'. 'பக்கப் பட்டை' வேண்டாம், அது இணையப் பக்கத்தின் ஓரத்துக்குப் போய்விட்டது. க்ராப்புக்கு 'வெட்டு' சரிப்படாது. டைம்லைனில் ஷாட்டைத் துண்டிப்பதற்கு அது வேண்டும். 'செதுக்கு' எனக்குப் பிடித்திருக்கிறது, ஓரத்தை எடுத்து உள்ளிருப்பதைக் காட்டுவதுதானே வேலை. 'கத்தரி' என்று முன்பு சொன்னவர்கள் காரணத்தை எழுதுங்கள். விக்சனரி இணைய அகராதியில் ஏற்றுவதற்கு முன் இந்த ஒன்றையாவது முடித்துவிடலாம்.