மோடம் பதிவுக் கோப்பை லாக் பார்சரில் ஆராய்வது: இணைப்பைத் துண்டிப்பது எந்தப் பக்கம்?

கேள்வி: நெய்தல்

அனைவருக்கும் வணக்கம். கடலூருக்கு அருகிலிருந்து ஓர் அச்சகத்துக்குப் பக்கங்கள் வடிவமைத்துத் தருகிறேன். முடித்த பக்கங்களைத் தொலைபேசி வழி இணைய இணைப்பில்தான் அனுப்பியாக வேண்டும். ஆறு வாரங்களாக இணைப்பு பாதியிலேயே அறுந்துவிடுகிறது. எண்பது விழுக்காடு ஏறிய கோப்பை மறுபடி முதலிலிருந்து அனுப்ப வேண்டியிருப்பதோடு, ஒவ்வொரு மறு அழைப்புக்கும் புதிதாகக் கட்டணம் ஏறுகிறது என்பதால் இதை இப்படியே விட எனக்கு வழியில்லை.

கணினியில் விண்டோஸ் எக்ஸ்பி. கோனெக்ஸன்ட் சிப் கொண்ட வெளி மோடம் (கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் கருவி), சீரியல் போர்ட்டில் இணைத்திருக்கிறேன். மோடத்தின் பண்புகளில் டயக்னாஸ்டிக்ஸ் பக்கத்திலுள்ள ‘அப்பெண்ட் டு லாக்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, பன்னிரண்டு நாள் பதிவுகளை ஒரே கோப்பில் சேர்த்தேன். (அதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய அமர்வு தொடங்கும்போது பழைய பதிவு அழிந்துவிடுகிறது; முதல் வாரத்தை அப்படித்தான் இழந்தேன்.) பிறகு பதிவுக் கோப்புகளில் தேடி எண்ண உதவும் மைக்ரோசாஃப்ட்டின் லாக் பார்சர் 2.2 நிரலில், கோப்பை வரிவரியாகப் படிக்கும் ‘டெக்ஸ்ட்லைன்’ உள்ளீட்டு வகையைக் கொடுத்து, குறிப்பிட்ட சொற்றொடர் உள்ள வரிகளை மட்டும் எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 63 அழைப்புகள். அவற்றில் 41 அழைப்புகள் ‘ரிமோட் மோடம் ஹங் அப்’ என்ற வரியோடு முடிந்திருக்கின்றன.

அப்படியானால் துண்டிப்பது இணையச் சேவையாளரின் மோடம்தான் என்று முடிவு செய்து அவர்களுக்குப் புகார் எழுதலாமா? இன்னும் இரண்டு ஐயங்கள் உண்டு. எல்லா அழைப்புகளிலும் இணைப்பு வேகம் 115200 என்றே பதிவாகியிருப்பது எப்படி? அழைப்பு தொடங்கும் நேரம் ஒரு வரியிலும் முடியும் நேரம் வேறொரு வரியிலும் இருக்கும்போது, ஒவ்வோர் அழைப்பும் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை இந்த நிரலில் கணக்கிடுவது எப்படி?

மறுமொழி: பழையநிரல்

வணக்கம் நண்பரே. புகார் எழுதுவதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள்.

முதலில் வேகம். 115200 என்பது உங்கள் கணினிக்கும் மோடத்துக்கும் இடையே சீரியல் கம்பியில் ஓடும் வேகம்; தொலைபேசிக் கம்பியில் ஓடும் வேகம் அன்று. வி.90 என்ற மோடம் தரமுறையில் நம் பக்கம் வரும் வேகம் 28000-இலிருந்து 56000 வரை ஏறத்தாழ 1333 பிட் படிகளாகத்தான் ஏறும். ஆகவே 45333, 49333 போன்ற எண்களைக் கண்டால் அது உண்மையான கம்பி வேகம். உங்கள் சிப்பில், கூடுதல் தொடக்கக் கட்டளைகளுக்கான பெட்டியில் ‘டபிள்யூ2’ என்று சேர்த்தால் மோடம் கம்பி வேகத்தைச் சொல்லத் தொடங்கும். இதைச் செய்யாமல் எடுத்த பன்னிரண்டு நாள் பதிவிலிருந்து வேகத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வர இயலாது.

அடுத்ததுதான் முக்கியம். ‘ரிமோட் மோடம் ஹங் அப்’ என்ற வரியை எழுதுவது விண்டோஸ், மோடம் அல்ல. தான் கேட்காமலேயே இணைப்பு போய்விட்டதை, அதாவது கேரியர் (எதிர்முனை மோடத்திலிருந்து தொடர்ந்து வர வேண்டிய குறிகை) இல்லை என்பதை, மோடம் தெரிவித்தால் விண்டோஸ் இப்படி எழுதிவிடுகிறது. எதிர்முனை உண்மையாகவே வைத்துவிட்டாலும், வீட்டில் யாராவது இணைத் தொலைபேசியை எடுத்தாலும், கால் வெயிட்டிங் ஒலி (வேறொருவர் அழைப்பதை நடுவே அறிவிக்கும் ஒலி) குறுக்கிட்டாலும், கம்பி இணைப்பில் ஈரம் இறங்கினாலும் பதிவில் விழுவது இதே வரிதான். சீரியல் கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் சாட்சி விண்டோஸ். தொலைபேசிக் கம்பியில் நடந்ததை அது பார்க்கவில்லை.

பார்த்தது மோடம், எனவே மோடத்தைத்தான் கேட்க வேண்டும். இணைப்பு அறுந்தவுடன், அடுத்த அழைப்பைத் தொடங்காமலும் மோடத்தை அணைக்காமலும், மோடத்துக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்க உதவும் ஹைப்பர்டெர்மினல் நிரலைத் திறந்து ‘ஏடி#யூடி’ என்று கொடுங்கள். ‘டயக்’ என்று தொடங்கும் சில வரிகள் வரும். அவற்றில் எண்களும் சமக்குறிகளும் மட்டுமே இருக்கும். 10 என்பது நம்மை வந்தடைந்த குறிகையின் வலிமை. 32, 33 ஆகியவை மோடம்கள் மறுபயிற்சி (கம்பியின் நிலைக்கேற்ப மீண்டும் தம்மைச் சரிசெய்துகொள்வது) கேட்ட, பெற்ற எண்ணிக்கைகள். 34, 35 ஆகியவை கடைசியாக இருந்த வேகங்கள். 60 என்பது அழைப்பு முடிந்த காரணம். சமக்குறிக்கு வலப்பக்கம் உள்ளவை பதினாறடி (ஹெக்ஸாடெசிமல்) எண்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். ‘10=16’ என்றிருந்தால் அதன் பொருள் மைனஸ் 22 டிபிஎம் (குறிகை வலிமையின் அலகு); மைனஸ் 16 அன்று. யூஎஸ் ரோபாட்டிக்ஸ் மோடம் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிரமம் இல்லை; ‘ஏடிஐ6’, ‘ஏடிஐ11’ ஆகிய கட்டளைகள் இவற்றில் பலவற்றைச் சொற்களாகவே காட்டிவிடும்.

மறுமொழி: கம்பிவழி

பழையநிரல் ஐயா சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். அழைப்பு நீடித்த நேரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

லாக் பார்சரின் வினவல் மொழி எஸ்கியூஎல் போலத் தோன்றினாலும் அதில் ‘ஜாயின்’ வசதி இல்லை; ஆகவே தொடக்க வரியையும் முடிவு வரியையும் ஒரே வினவலில் பொருத்த இயலாது. நான் செய்வது இதுதான்: இணைப்பு ஏற்பட்ட வரி, எதிர்முனை வைத்ததாகச் சொல்லும் வரி, நாமே வைத்த வரி ஆகிய மூன்று வகைகளை மட்டும் வடிகட்டி, நேரத்தையும் செய்தியையும் தனித்தனி நெடுவரிசைகளாகப் பிரித்து, சிஎஸ்வி கோப்பாக எழுதச் செய்து, எக்செலில் திறந்து, அடுத்தடுத்த வரிகளின் நேரத்தைக் கழித்துக்கொள்கிறேன். அறுந்த நேரங்களை மணிவாரியாகத் தொகுக்க ‘குவாண்டைஸ்’ என்ற சார்புக்கு 3600 என்ற எண்ணைக் கொடுத்தால் போதும்.

இதில் நான் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். பதிவுக் கோப்பில் மாதம் முதலிலும் நாள் பிறகும் வருகிறது. ‘03-04-2006’ என்பது மார்ச் 4. வினவலில் நாளை முதலில் எழுதிவிட்டால், பன்னிரண்டாம் தேதி வரை எந்தப் பிழையும் காட்டாமல் தவறான விடையைத் தந்துகொண்டே இருக்கும். பதின்மூன்றாம் தேதியிலிருந்து வரும் வரிகளில் மட்டும் நேரம் வெறுமையாகிவிடும். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நேரங்கள் கிடைத்ததும் அவற்றின் அமைப்பைப் பாருங்கள். அழைப்புகள் ஏறத்தாழ ஒரே கால அளவில் அறுந்தால் எதிர்முனையில் கால வரம்பு வைத்திருக்கிறார்கள் என்று கருதலாம். கால அளவு சிதறி, நாளின் ஒரு குறிப்பிட்ட பொழுதில் மட்டும் குவிந்தால் காரணம் பெரும்பாலும் உங்கள் வீட்டுக்கோ தெருவுக்கோ உள்ளேதான் இருக்கும்.

மறுமொழி: நெய்தல்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடியே செய்து பார்த்தேன்.

அறுந்த 41 அழைப்புகளில் 29 மாலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் இடையே விழுந்திருக்கின்றன; நீடித்த நேரமோ இரண்டு நிமிடத்திலிருந்து ஐம்பது நிமிடம் வரை எந்த ஒழுங்கும் இல்லாமல் இருக்கிறது. மாலையில் எங்கள் வீட்டுக்கு உறவினர்கள் பேசுவது வழக்கம் என்பது அந்த அட்டவணையைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. இணைப்பில் இருக்கும்போது தம்பியைக் கைப்பேசியிலிருந்து வீட்டு எண்ணுக்கு அழைக்கச் சொன்னேன். அழைத்தவுடன் மோடத்தின் கேரியர் விளக்கு அணைந்தது. நான்கு முறை முயன்றோம், மூன்று முறை அறுந்தது. மறுநாளே தொலைபேசி இணைப்பகத்தில் எழுதிக் கொடுத்துக் கால் வெயிட்டிங் வசதியை நீக்கச் சொல்லிவிட்டேன். அதன் பிறகு ஒன்பது நாள்களில் மாலை நேரத்தில் ஒரு முறை மட்டுமே அறுந்திருக்கிறது.

ஆனால் விடியற்காலையில் விழும் துண்டிப்புகள் அப்படியே தொடர்கின்றன. அந்த நேரத்தில் ‘ஏடி#யூடி’ கொடுத்தபோது ‘10=1எஃப்’ என்று வந்தது; மதியம் வேறோர் அழைப்புக்குப் பின் கொடுத்தபோது ‘10=16’. விடியற்காலை அழைப்பில் மறுபயிற்சி எண்ணிக்கையும் 7 என்றிருந்தது. எஸ்10 பதிவகத்தின் மதிப்பை உயர்த்தினால் அறுவது நிற்கும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

மறுமொழி: பழையநிரல்

பதினாறடி எண்ணாக 1எஃப் என்பது 31. மதியம் மைனஸ் 22, விடியற்காலையில் மைனஸ் 31. ஒரே கம்பியில் ஒன்பது டெசிபெல் வேறுபாடு இருக்கிறது. இது குறிகையின் வலிமை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறைவதற்குச் சமம். பனி இறங்கும் நேரத்தில் மட்டும் இப்படி ஆகிறது என்றால், வெளியே எங்கோ ஒரு ஜாயிண்ட்டில் ஈரம் புகுகிறது என்றே நினைக்கிறேன். கடற்கரை ஊர் என்கிறீர்கள். உப்புக் காற்றில் கம்பி முறுக்கிய இடம் பச்சை பிடித்துப்போவது வழக்கம்தான்.

எஸ்10 என்பது கேரியர் மறைந்த பிறகு எத்தனை பத்தில் ஒரு விநாடி காத்திருந்து மோடம் இணைப்பை வைக்க வேண்டும் என்பதைச் சொல்வது. உங்கள் சிப்பில் இயல்பாக 14, அதாவது 1.4 விநாடி. 50 வரை உயர்த்திப் பார்க்கலாம். கணநேர இடைவெளிகளை அது தாங்கிக்கொள்ளும். ஆனால் லைன்மேன் வந்து பார்க்கும் வரை உயர்த்த வேண்டாம் என்பது என் வேண்டுகோள், ஏனென்றால் துண்டிப்புகள் பதிவிலிருந்து மறைந்துவிடும், கம்பியின் கோளாறு அப்படியே இருக்கும். நாளை விடியற்காலையில் தொலைபேசியை எடுத்து, ஓர் எண்ணை மட்டும் அழுத்தி டயல் டோனை நிறுத்திவிட்டு, காதில் வைத்துக் கேளுங்கள். பொரிவது போன்ற ஒலி கேட்டால் அப்போதே புகார் பதியுங்கள். வெயில் ஏறிய பிறகு வந்து பார்க்கும் லைன்மேனுக்கு எதுவும் கேட்காது.

மறுமொழி: நெய்தல்

ஒலி கேட்டது. காலை ஏழு மணிக்கே லைன்மேன் வந்தார். அவரிடம் இரண்டு ‘டயக்’ வரிகளையும் நேரத்தோடு அச்சிட்டுக் கொடுத்தேன். தெருவில் கம்பிகள் பிரியும் டிபி பெட்டியில் குறை இல்லை. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் ஒயரில், முருங்கைக் கிளை உரசும் இடத்தில் பழைய ஜாயிண்ட் ஒன்று டேப் பிரிந்து பச்சையாக இருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கம்பி இழுத்தார். இன்று விடியற்காலை ஐந்தரைக்கு ‘10=15’, மறுபயிற்சி 0. எஸ்10-ஐத் தொடவில்லை.