ரிடண்டண்ட் என்றால் மிகையா? இரண்டு குரலஞ்சல் வழங்கிகளுக்கு ஒரு சொல் வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பாலிடெக்னிக்கில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்காக ஓர் ஆய்வகக் கையேடு தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். கடைசிப் பயிற்சி மட்டும் நிற்கிறது, அதுவும் ஒரு சொல்லுக்காக.

பயிற்சி இதுதான். ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி இணைப்பக மென்பொருள் போட்ட இரண்டு வழங்கிகள், அதாவது மற்றக் கருவிகளுக்குச் சேவை தரும் கணினிகள் (சர்வர்). ஒன்று படுத்துவிட்டாலும் குரலஞ்சல் (அழைப்பவர் குரலில் பதிந்துவிட்டுப் போகும் செய்தி) நிற்கக் கூடாது. இரண்டுக்கும் தனித்தனி ஐபி முகவரி உண்டு, அது போக மூன்றாவதாக ஒரு பொது முகவரி. தொலைபேசிகளுக்கு அந்தப் பொது முகவரி மட்டும்தான் தெரியும், எந்தக் கணினி வேலையில் இருக்கிறதோ அது அதை வைத்துக்கொண்டிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று ‘இருக்கிறாயா, இருக்கிறாயா’ என்று நொடிக்கு நொடி கேட்டுக்கொண்டே இருக்கும். தொடர்ந்து சில முறை பதில் வராவிட்டால் மற்றது முகவரியைத் தன் பக்கம் எடுத்துக்கொள்ளும். குரல் பதிவுகள் கிடக்கும் வட்டுப் பகுதியை டிஆர்பிடி பார்த்துக்கொள்கிறது, ஒரு கணினியின் வட்டில் எழுதுவதை மற்றதன் வட்டிலும் அப்படியே எழுதி வைக்கும் மென்பொருள் அது. நாங்கள் வைத்திருக்கும் அமைப்பில் இரண்டு வட்டிலும் எழுதி முடித்த பிறகுதான் ‘எழுதியாயிற்று’ என்று சொல்லும்.

இந்த இரண்டாவது கணினியை என்னவென்று எழுதுவது? ஆங்கிலத்தில் இப்படி வைப்பதை ரிடண்டண்ட் என்பார்கள், கையிலிருக்கும் சொற்பட்டியல்களில் அதற்கு மிகை என்று இருக்கிறது. ‘மிகை வழங்கி’ என்று எழுதி வகுப்பில் படிக்கக் கொடுத்தேன். ஒரு பெண் எழுந்து, “மிகைன்னா வேண்டாததுதானே சார், அப்புறம் எதுக்குக் காசு போட்டு வாங்கணும்?” என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆசிரியர் வேலைக்கு வருமுன் ஒரு தனியார் மருத்துவமனையின் தொலைபேசி அமைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குரலஞ்சலுக்கு ஒரே கணினி. இரண்டாவது வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்த தாளை ‘அதிகப்படி’ என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு சனிக்கிழமை இரவு வட்டு போய்விட்டது. திங்கள் காலை செவிலியர் ஒருவர் வந்து, இரண்டு நாளாக நோயாளிகளின் வீட்டார் விட்ட செய்தியெல்லாம் எங்கே என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை. ஆகவே இந்தச் சொல்லில் ‘அதிகப்படி’ என்ற வாடையே இருக்கக் கூடாது என்பது என் வேண்டுகோள்.

மதுரையிலிருந்து

* * *

தம்பிக்கு,

உங்கள் மாணவி சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களில் ‘மிகைபடக் கூறல்’ இரண்டாவது என்று நன்னூல் வைத்திருக்கிறது, அடுத்ததே ‘கூறியது கூறல்’. தொல்காப்பியம் மரபியலிலும் இரண்டும் குற்றப் பட்டியலில்தான். நம் இலக்கணம் குற்றம் என்று முத்திரை குத்திய சொல்லைக் கொண்டுபோய் ஒரு நல்ல ஏற்பாட்டுக்குப் பெயராக வைக்கலாமா?

‘இரட்டை வழங்கி’ என்று யாராவது சொல்வதற்கு முன் நானே மறுத்துவிடுகிறேன். ‘இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்து இசையா.’ சலசல என்பதைப் பிரித்தால் ‘சல’வுக்குப் பொருள் கிடையாது. நீங்கள் கேட்பதோ இதற்கு நேர்மாறு, ஒன்று போனாலும் மற்றது தனியே நின்று பொருள் தர வேண்டும். அது அடுக்குத்தொடர். ‘பாம்பு பாம்பு’ என்பதில் ஒரு பாம்பை எடுத்துவிட்டாலும் பாம்பு பாம்புதான்! ‘ஒருசொல் இரண்டு மூன்று நான்கு எல்லை முறை அடுக்கும்’ என்கிறது நன்னூல். இரண்டு கணினி, மூன்று கணினி, நான்கு கணினி என்று நீங்கள் சேர்த்துக்கொண்டே போவதற்கும் இதில் இடமிருக்கிறது. ‘அடுக்கு வழங்கி’ என்று எழுதுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து

* * *

> ‘அடுக்கு வழங்கி’ என்று எழுதுங்கள்

ஐயா, விளக்கம் அருமை, ஆனால் சொல் ஆகாது. அடுக்கு ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது. வலையமைப்புப் பாடத்தில் ஏழு அடுக்கு மாதிரி என்று படிப்பார்கள், நிரலாக்கத்தில் ஸ்டாக் என்பதையும் அடுக்கு என்கிறோம். மூன்றாவது பொருளையும் அதன் தலையில் ஏற்றினால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.

நான் தொலைபேசித் துறையில் இருபது வருடமாக இருக்கிறேன். ரிடண்டண்ட் என்றே தமிழ் எழுத்தில் எழுதிவிடுங்கள். நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் மேலாளர் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்.

இன்னொன்று, ஹை அவைலபிலிட்டி என்பதற்கு ‘உயர் கிடைப்புத்தன்மை’ என்று யாரும் தயவுசெய்து எழுதாதீர்கள், வாயில் நுழையவில்லை. போன வருடம் இங்கே ‘இடையறாச் சேவை’ என்று ஒருவர் சொன்னார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை. 99.9 விழுக்காடு நேரம் ஓடும் என்றால் வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் படுத்துக் கிடக்கலாம் என்று பொருள். 99.999 என்றாலும் ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே அறத்தான் செய்யும்.

சிங்கப்பூரிலிருந்து

* * *

வணக்கம்.

எங்கள் பக்கத்தில் ‘மேலதிக’ என்று இயல்பாகச் சொல்லுவம். மேலதிக வகுப்பு, மேலதிக விபரம். ‘மேலதிக வழங்கி’ என்றால் எல்லாருக்கும் விளங்கும். ஆனால் அதிலும் ‘அதிகம்’ ஒளிந்திருக்கிறது, மதுரை அண்ணா அதைத்தான் வேண்டாம் என்கிறார்.

வழங்கி என்று எழுதியதற்கு அவருக்கு நன்றி. அதையே சிலர் சேவையகம் என்கிறார்கள், அப்படிச் சொன்னால் ஒரு கட்டடம் மாதிரி மனதில் வருகிறது. இரண்டு சேவையகம் என்றால் இரண்டு அலுவலகம் என்று என் மகன் நினைத்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து

* * *

சேவையகச் சண்டையை இன்னொரு இழையில் வைத்துக்கொள்ளலாம், ஏற்கெனவே மூன்று முறை நடந்து முடியாத சண்டை அது.

நான் மொழிபெயர்ப்பை வைத்தே பிழைக்கிறவள், ஆகவே தெருவில் என்ன சொல்கிறார்கள் என்று முதலில் பார்ப்பேன். வண்டிக்கு ஒரு சக்கரம் கூட வைத்திருப்பதை மெக்கானிக்குகள் ஸ்டெப்னி என்கிறார்கள். வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் செய்து விற்ற சக்கரம் அது, 1900களின் தொடக்கத்தில். தெருவின் பெயர் இங்கே பொருளின் பெயராகி நூறு வருடமாக நிற்கிறது. ஆனால் அதைப் பெண்களை இழிவாகப் பேசவும் பயன்படுத்துகிறார்கள், வகுப்புக்கு ஆகாது.

பிறகு, ஒன்று படுத்ததும் மற்றது எடுத்துக்கொள்வதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? நான் ஒருமுறை ‘கைமாற்று’ என்று எழுதி அனுப்பினேன். சரிபார்த்தவர், “கடனா வாங்குறாங்க?” என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான், கைமாற்று என்றால் நம் ஊரில் வட்டியில்லாக் கடன்தான். இப்போது ‘பொறுப்பேற்றல்’ என்று எழுதுகிறேன், யாரும் தடுமாறுவதில்லை.

சென்னையிலிருந்து

* * *

சக்கரம் என்றதும் நினைவு வந்தது. இரவெல்லாம் இதே யோசனையாக இருந்தும் எப்படி விட்டேன்!

புறநானூறு 102. ஔவையார் பொகுட்டெழினியைப் பாடியது. எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. வண்டியிலோ பாரம் அதிகம். பள்ளத்தில் இறங்கும்போதோ மேட்டில் ஏறும்போதோ என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? அப்படி எண்ணி உப்பு வணிகர் வண்டிக்கு அடியில் இன்னோர் அச்சைக் கட்டி வைக்கிறார்கள். ‘உமணர் கீழ்மரத்து யாத்த சேம அச்சு.’ அந்த அச்சைப் போன்றவனே என்று அரசனைப் புகழ்கிறார்.

தம்பி, நீங்கள் தேடும் பொருள் முழுக்க இதில் இருக்கிறது. பாரம், தெரியாத வழி, முறிந்தால் அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ள இன்னொன்று. அதை யாரும் அதிகப்படி என்று சொல்லவில்லை, அரசனுக்கே உவமையாக வைத்திருக்கிறார்கள். ‘சேம வழங்கி’. இதற்கு மேல் எனக்குத் தேட ஒன்றுமில்லை.

தஞ்சாவூரிலிருந்து

* * *

> ‘சேம வழங்கி’

சங்கப் பாட்டில் வந்துவிட்டால் தமிழாகிவிடுமா ஐயா? சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியே சேமத்தை வடமொழி க்ஷேமத்திலிருந்து வந்ததாகத்தான் காட்டுகிறது. புதிதாக ஒரு சொல்லை ஆக்கும்போதாவது நம் வேரிலிருந்து எடுப்போம். காவலுக்கு ஏமம் இருக்கிறது. சினம் ‘இனமென்னும் ஏமப் புணையைச் சுடும்’ என்று குறள் 306 சொல்கிறது. ஆற்றில் விழுந்தவனைத் தாங்கும் புணை. ‘ஏம வழங்கி’ என்போம்.

கோவையிலிருந்து

* * *

‘வடசொற்கிளவி வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே.’ க்ஷகரத்தை விட்டுச் சேமமாகி வந்த பின் அது தமிழ் வாசகத்துக்கு உரிய சொல் என்று தொல்காப்பியரே இடம் கொடுத்துவிட்டார். அவருக்கு மேல் நாம் ஏன் காவல் நிற்க வேண்டும்?

தஞ்சாவூரிலிருந்து

* * *

ஐயா, அந்தப் பாட்டைப் படித்ததும் உடனே வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பொருள் சொன்னபோது கடைசி பெஞ்சு வரைக்கும் அமைதியாகக் கேட்டார்கள். கையேட்டின் அந்தப் பயிற்சிக்கு முன்னுரையாக அந்த வரி கட்டாயம் இருக்கும்.

ஆனால் சொல் தேறவில்லை. இரண்டு பெட்டி வரைந்து ஒன்றில் ‘முதன்மை வழங்கி’, மற்றதில் ‘சேம வழங்கி’ என்று எழுதிவிட்டு, சேம வழங்கி என்ன செய்யும் என்று கேட்டேன். முப்பத்திரண்டு பேரில் பாதிக்கு மேல் ‘செய்தியெல்லாம் அதில் சேமிக்கும்’ என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. கைப்பேசியைத் தமிழில் வைத்தால் ஒவ்வொரு திரையிலும் ‘சேமி’ என்ற பொத்தான் இருக்கிறது. குரலஞ்சல் விஷயத்தில் இது சாதாரணக் குழப்பமும் அல்ல, சேமிப்புக்கென்றே தனி வழங்கி வைக்கும் அமைப்பும் அடுத்த பக்கத்திலேயே வருகிறது.

ஏம வழங்கியையும் கேட்டுப் பார்த்தேன். ‘ஏமாத்துறதா?’ என்று இரண்டு பேர் கேட்டார்கள். கோவை ஐயா மன்னிக்க வேண்டும்.

மதுரையிலிருந்து

* * *

> ‘ஏமாத்துறதா?’

தெரியாத சொல்லைச் சொல்லிக் கொடுப்பதுதானே ஆசிரியர் வேலை? முதல் நாள் கேட்டுச் சிரித்த சொற்கள்தாம் இன்று பேருந்தில் எழுதியிருக்கின்றன. பேருந்தே அப்படி வந்த சொல்தான்.

கோவையிலிருந்து

* * *

பேருந்துக்குப் பின்னால் அரசாங்கம் இருந்தது, இந்தக் கையேட்டுக்கு வெள்ளிக்கிழமைதான் இருக்கிறது.

‘மாற்று வழங்கி’ என்று போடுங்கள். மாற்றுச் சாவி, மாற்றுத் துணி, மாற்றுப் பாதை. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சொல். மாற்றுச் சாவியை அதிகப்படி என்று யாரும் தூக்கிப் போடுவதில்லை.

சென்னையிலிருந்து

* * *

மாற்று எனக்கும் சரி, ஒரு இடத்தைத் தவிர. எங்கள் அமைப்பில் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன, பாதி அழைப்பு இதற்கு, பாதி அதற்கு. இதில் எது மாற்று? இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று என்றால் ‘முதன்மை’ என்ற சொல்லை எங்கே வைப்பது?

அப்புறம் தொடர்புக் கம்பி மட்டும் அறுந்து, இரண்டும் மற்றது செத்துவிட்டது என்று நினைத்து இரண்டுமே பொது முகவரியை எடுத்துக்கொள்ளும் நிலைக்கும் பெயர் வேண்டும். ஆஸ்டரிஸ்க் ஒரு குரலஞ்சல் பெட்டியின் முதல் செய்திக்குச் சுழியம் என்றுதான் எண் போடும். இரண்டும் தனித்தனியே பதிந்தால் ஒரே எண்ணில் இரண்டு வெவ்வேறு செய்திகள் நிற்கும், கம்பியை ஒட்டிய பிறகு எதை வைப்பது, எதை விடுவது என்று ஆள் உட்கார்ந்து முடிவு பண்ண வேண்டும். பொது முகவரியை எது வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய மூன்றாவது ஒரு கணினியை வாக்குக்கு வைப்பதே இதற்காகத்தான்.

சிங்கப்பூரிலிருந்து

* * *

அகநானூறு 12-இல் கபிலர் ‘இருதலைப் புள்ளின் ஓர் உயிரம்மே’ என்கிறார். இரண்டு தலை, ஓர் உயிர், அதாவது உங்கள் பொது முகவரி. தொடர்பு அறுந்தால் ஓர் உயிர் இரண்டாகிறது. ‘உயிர்ப்பிளவு’ என்று வைக்கலாம்.

தஞ்சாவூரிலிருந்து

* * *

உயிர்ப்பிளவை எடுத்துக்கொள்கிறேன் ஐயா, வகுப்பில் சொன்னதுமே பிடித்துக்கொண்டார்கள்.

நேற்று இரவு வரை வந்த மடல்களை எண்ணினேன். மாற்றுக்கு ஏழு பேர், சேமத்துக்கு இரண்டு, ஏமத்துக்கு ஒருவர், ரிடண்டண்ட் என்றே விடலாம் என்று மூன்று பேர். ‘மாற்று வழங்கி’, ‘பொறுப்பேற்றல்’, ‘உயிர்ப்பிளவு’ என்று திருத்திக் காலையில் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். இரண்டும் ஒருசேர வேலை செய்யும் அமைப்புக்குச் சொல் கிடைக்கவில்லை. அந்தப் பத்தியில் ‘இரண்டு வழங்கிகளும்’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

மதுரையிலிருந்து

* * *

அனுப்பியது சரி, தம்பி. ஆனால் மாற்றுச் சாவி வீட்டில் அலமாரியில் கிடக்கும். சேம அச்சு வண்டியோடு சேர்ந்தே வழி முழுக்க வரும். உங்கள் இரண்டாவது கணினி எதைச் செய்கிறது? அடுத்த பதிப்புக்குள் இன்னொரு முறை கேட்பேன்.

தஞ்சாவூரிலிருந்து